துக்கம் விசாரிக்க ஆளில்லாத துக்கம்

ஆசிரியருக்கு வணக்கம்.

காலநிலை மாறுவதை நினைத்து மனதில் வரும் 'காலநிலைக் கவலை' பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தூக்கம் வராதவர்கள் மனநல மருத்துவரை அணுக வேண்டும் என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். வாரக்கணக்கில் தூங்காதவர் அணுகத்தான் வேண்டும். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416-ஐ அழைத்தால் தமிழிலேயே பேசலாம், கட்டணமும் இல்லை. ஆனால் என் தம்பிக்கு வந்ததை நோய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏற்காட்டுப் பக்கம் அவனுக்கு மூன்று ஏக்கர் காபித் தோட்டம். மார்ச், ஏப்ரலில் பெய்யும் பூ மழையை நம்பித்தான் காபி. நல்ல மழை ஒன்று விழுந்தால் பத்து நாளில் தோட்டமே வெளுத்து, மல்லிகைக் கடை போல மணக்கும். சில ஆண்டுகளாக மழை தவணை முறையில் வருகிறது. பூவும் தவணை, பழமும் தவணை. ஒரே செடிக்கு நான்கு தடவை ஆள் விட்டுப் பறிக்க வேண்டியிருக்கிறது. போதாததற்கு, நிழல் குறைந்து வெயில் அடிக்கும் இடங்களில் தண்டுத் துளைப்பான் பூச்சி புகுந்துவிட்டது. அது உள்ளே போய்விட்டால் செடியைப் பிடுங்கி எரிப்பதுதான் வழி. சென்ற ஆண்டு எங்கள் அப்பா நட்ட செடிகளைத் தம்பி தன் கையால் எரித்தான். "கடன் என்றால் கட்டிவிடலாம் அக்கா, இது அப்பா கை பட்டது" என்றான். மாடு செத்தால்கூட நான்கு பேர் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டுப் போகிற ஊர் அது. செடிக்கு யாரும் வரவில்லை.

அப்போதுதான் என் வீட்டு மொட்டை மாடியில், மாதத்தின் முதல் ஞாயிறு, இப்படிப்பட்ட துக்கத்தைப் பேச ஏழு பேர் கூட ஆரம்பித்தோம். யோசனை எங்களுடையது அல்ல. ஸ்காட்லாந்தில் 2015-இலேயே 'காலநிலை கஃபே' என்று தேநீரோடு உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். அமெரிக்காவில் குடிநோயாளிகள் சங்கத்தின் முறையைப் பார்த்துப் பத்துப் படிகள் வகுத்துக்கொண்டு கூடுகிறார்கள். 2021-இல் 'லான்செட் பிளானட்டரி ஹெல்த்' இதழில் வந்த ஆய்வில், இந்தியா உட்படப் பத்து நாடுகளின் பத்தாயிரம் இளைஞர்களில் 59 சதவீதம் பேர் மிகவும் கவலைப்படுவதாகச் சொல்லியிருந்தார்கள். எழவு வீட்டில் பேசாமல் உட்காரத் தெரிந்த நமக்கு இதில் கற்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

இருந்தது. முதல் கூட்டத்தில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் கரியமில வாயு பற்றி நாற்பது நிமிடம் வகுப்பெடுத்தார். (முப்பது வருடம் வகுப்பெடுத்த எனக்கே கொட்டாவி வந்தது.) மறு மாதம் முதல் ஆளுக்கு ஐந்து நிமிடம். யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லக்கூடாது, 'எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்லவே கூடாது. கல்லூரி மாணவி ஒருத்தி, பிள்ளை பெற்றுக்கொள்ளப் பயமாக இருக்கிறது என்றாள். மே மாதத்தில் ஸ்வெட்டர் போட்டு வளர்ந்த ஏற்காட்டுப் பெரியவர், வீட்டுக்கு மின்விசிறி வாங்கிய நாளைச் சொல்லி அழுதார். கேட்டால் சிரிப்பு வரும். அங்கே யாரும் சிரிக்கவில்லை.

"பேசினால் மழை வருமா?" என்றுதான் தம்பி கேட்டான். வராது. மூன்று மாதம் சுண்டலைச் சாப்பிட்டுவிட்டு, வாய் திறக்காமல் பஸ் ஏறிப் போனான். நான்காம் மாதம் அந்தச் செடிகளைப் பற்றிச் சொன்னான். ஐந்து நிமிடம் தாண்டியது; யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

இது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று கட்டுரையாளர் ஒரு வரி எழுதியிருந்தார். அதில் பாதி உண்மை உண்டு. மழை தப்பினால் கூலி இழப்பவர்கள் பழம் பறிக்கும் பெண்கள். அவர்களில் ஒருவர்கூட எங்கள் மாடிக்கு வந்ததில்லை. ஞாயிறு அவர்களுக்குத் துணி துவைக்கும் நாள். சேலத்துக்கு இறங்கி ஏறப் பஸ் டிக்கெட் வேறு. அதனால் அடுத்த மாதம் நாங்கள் மலையேறுகிறோம். பறிப்பு முடிந்த மாலையில், தம்பியின் காபிக் களத்தில் பாய் விரித்தால் இருபது பேர் உட்காரலாம்.

– ஓய்வுபெற்ற ஆசிரியை,
அஸ்தம்பட்டி, சேலம்.