கேரேஜ் தள்ளாத கை

மயிலாடுதுறை

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுகிறேன். பெங்களூரு போய் இறங்கியதும் போன் பண்ணினாய். கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "பரவாயில்லைம்மா" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டாய். போனில் நீ அப்படித்தான் நழுவுவாய். அதனால்தான் எழுதுகிறேன், முழுசாகப் படி.

பொங்கலுக்கு வந்திருந்தபோது காபி டம்ளரை வலது கையில் வாங்கினாய், இரண்டு வாய் குடிப்பதற்குள் இடது கைக்கு மாற்றினாய். அன்றைக்கு விடியற்காலை மூன்று மணிக்குக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, தெர்மாமீட்டரை உதறுகிற மாதிரி கையை உதறிக்கொண்டிருந்தாய். நான் தூங்குகிறேன் என்று நினைத்தாய். அந்த உதறல் எனக்குத் தெரியும்டி. இருபது வருஷத்துக்கு முன்னால் அதே கட்டிலில் உட்கார்ந்து நானும் அப்படித்தான் உதறினேன்.

உனக்கு இதை நான் சரியாகச் சொன்னதே இல்லை. ஆபீசில் பதினைந்து வருஷம் டைப்ரைட்டிங் மெஷினில் அடித்தேன், ஒரு நாள்கூடக் கை வலித்ததில்லை. அந்த ரெமிங்டன் கீயை அழுத்த எவ்வளவு பலம் வேண்டும் என்று உனக்கே தெரியும். டைப்ரைட்டிங் லோயர் பரீட்சைக்குப் படிக்கும்போது சுண்டுவிரலால் 'ஏ' அடித்தால் பேப்பரில் மங்கலாக விழுகிறது என்று அழுதாயே. அவ்வளவு கனமான மெஷினில் வராத வலி, பஞ்சு மாதிரி அமுங்குகிற கம்ப்யூட்டர் கீபோர்டில் எனக்கு ஒன்றரை வருஷத்தில் வந்தது. ஏன் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன்.

மெஷினில் ஒவ்வொரு வரி முடியும்போதும் மணி அடிக்கும். இடது கை மேலே போய் லீவரைப் பிடித்து, பேப்பரைத் தாங்கி நகர்கிற கேரேஜைத் தள்ளும். தோளும் முழங்கையும் அசையும், விரல்களுக்கு ஒரு நொடி ஓய்வு. பக்கம் முடிந்தால் பேப்பரை உருவி, கார்பன் வைத்து, புதுசு சொருகி, ரோலரைத் திருப்பணும். நிமிஷத்துக்கு 45 வார்த்தை என்று ஹையர் வேகத்தில் அடித்தாலும் கை ஒரே நிலையில் நிற்காது. மணிக்கட்டை மெஷின் மேல் சாய்க்கவும் முடியாது, சாய்க்க அங்கே இடமே கிடையாது. கை மிதந்துதான் ஆகணும். கம்ப்யூட்டரில் வரி தானாக மடங்கிக்கொள்கிறது, பக்கம் தானாக வருகிறது. காலையில் வைத்த கை சாப்பாட்டு நேரம் வரை அதே இடத்தில் கிடக்கிறது.

இன்னொன்று மேசை. டைப் மேசை எப்போதும் எழுதுகிற மேசையைவிடத் தாழ்வாகத்தான் இருக்கும். கம்ப்யூட்டர் வந்தபோது எங்கள் ஆபீசில் அந்த மேசைகளை ஓரங்கட்டிவிட்டு, ஃபைல் வைக்கிற உயரமான மேசையில் வைத்தார்கள். தோளைத் தூக்கிக்கொண்டு, மணிக்கட்டை மேசை விளிம்பில் அழுத்திக்கொண்டு அடித்தேன். உயரமான நாற்காலி கேட்டேன், கிடைக்கவில்லை. தைலம் தேய்த்துக்கொண்டே இரண்டு வருஷம் ஓட்டினேன். டாக்டரிடம் போனபோது கட்டைவிரல் அடியில் இருக்கிற சதை மேடு வற்றிப்போயிருந்தது. ஆபரேஷனுக்கு அப்புறம் மரமரப்பு போனது, சதை திரும்பவில்லை. ஊறுகாய் பாட்டில் மூடியை நான் ஏன் எப்போதும் அப்பாவிடம் நீட்டுகிறேன் என்று இப்போது தெரிகிறதா?

அதனால் முதலில் டாக்டர். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் ராத்திரியில் மரத்தால் மணிக்கட்டு வழியாகப் போகிற நரம்பு அழுந்துகிறது என்று சந்தேகப்படணும். சுண்டுவிரல் மரத்தால் பெரும்பாலும் முழங்கைப் பக்கத்துச் சங்கதி, அது வேறு நரம்பு. எது என்று சொல்ல நரம்புக்கு ஒரு டெஸ்ட் இருக்கிறது. டைப் அடிப்பதால் மட்டும்தான் வருகிறது என்று முடிவுகட்ட முடியாது, தைராய்டு, சர்க்கரை இருந்தாலும் வரும் என்று என் டாக்டர் சொன்னார். அந்த ரத்தப் பரிசோதனைகளையும் சேர்த்துச் செய்துகொள். கீபோர்டு மருந்து இல்லை. ஆனால் வலிக்கிற கையைத் தினமும் எட்டு மணி நேரம் கோணலாக வைத்துக்கொண்டு எந்த மருந்தும் வேலை செய்யாது.

எந்தக் கீபோர்டு வாங்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய படங்களையெல்லாம் பார்த்தேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். இப்போது உள்ள நேரான கீபோர்டில் கை வைத்துப் பார். தோள் அகலமாக இருக்கிறது, எழுத்துக்கள் நடுவில் குறுகலாக இருக்கின்றன. அதனால் முன்கை இரண்டும் உள்ளே சாய்ந்து வருகிறது, மணிக்கட்டு மட்டும் சுண்டுவிரல் பக்கம் வெளியே வளைகிறது. உள்ளங்கை தட்டையாகக் கவிழ்கிறது. இந்த இரண்டு கோணலையும்தான் சரிபண்ணணும். மைக்ரோசாஃப்ட் 1994இல் கொண்டுவந்த நேச்சுரல் கீபோர்டு நடுவில் பிளந்து கூரை மாதிரி மேடாக இருந்தது இதற்காகத்தான். லாஜிடெக் எர்கோ கே860 அதே வம்சம். அதில் எனக்குப் பிடித்தது, கால் முன்பக்கம் இருக்கிறது, பின்னால் இல்லை. சாதாரண கீபோர்டில் பின்பக்கம் இரண்டு கால் இருக்குமே, அதைத் தூக்கி வைத்தால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும். உன் கீபோர்டில் அதை இன்றைக்கே மடக்கிவிடு, காசு செலவில்லாத வைத்தியம்.

ஆனால் கே860இல் வலது பக்கம் நம்பர் கட்டம் இருக்கிறது. நீ நம்பர் அடிப்பது குறைவு, மவுஸ் பிடிப்பது அதிகம். அந்தக் கட்டத்தைத் தாண்டி மவுஸுக்கு எட்டி எட்டித்தான் உன் வலது தோளும் வலிக்கிறது என்று நினைக்கிறேன். அதனால் என் மனசு கினிசிஸ் ஃப்ரீஸ்டைல் மாதிரி இரண்டு துண்டாகப் பிரிகிற கீபோர்டில் நிற்கிறது. நம்பர் கட்டம் இல்லை. இரண்டு பாதியையும் தோள் அகலத்துக்கு விலக்கி வைக்கலாம். நடுப்பக்கத்தைத் தூக்கி நிறுத்த அதற்கென்று தாங்கி தனியாகக் கிடைக்கிறது, அதையும் சேர்த்து வாங்கு. கிண்ணம் மாதிரி குழிந்து, கட்டைவிரலுக்குத் தனி கீ வைத்த கினிசிஸ் அட்வான்டேஜ் அழகான பொருள்தான். அதில் எழுத்துக்கள் மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் இருக்கின்றன. நம் கீபோர்டில் வரிசைகள் ஏன் ஒன்றுக்கொன்று சரிந்திருக்கின்றன தெரியுமா? மெஷினில் ஒவ்வொரு கீக்கும் அடியில் ஒரு நீளக் கம்பி உண்டு, ஒன்றோடு ஒன்று இடிக்காமல் போவதற்காக விலக்கி வைத்தார்கள். கம்பி போய்விட்டது, சரிவு நின்றுவிட்டது. ஆனாலும் வலியோடு இருக்கும்போது அவ்வளவு பெரிய மாற்றம் வேண்டாம். எழுத்துக்களை வேறு இடங்களில் மாற்றி வைத்த ட்வோராக் அமைப்புக்கு மாறலாமா என்று கேட்டிருந்தாய், அதையும் தள்ளி வை. எழுத்து இருக்கும் இடம் நல்லபடி அமைந்தால் கைக்கு இதம் என்பது உண்மை. தமிழ் அடிக்கிற தமிழ்99 கீபோர்டு அமைப்பில் உயிர் எழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு என்று பிரித்ததால் இரண்டு கையும் மாறி மாறி உழைக்கிறது, நானே தினமும் அதில்தான் அடிக்கிறேன். ஆனால் உன் பிரச்சினை எழுத்து இருக்கும் இடம் இல்லை, கை இருக்கும் கோணம்.

பிரிந்த கீபோர்டு வந்ததும் முதல் வாரம் கோபம் வரும். 'பி' எழுத்து இடது கை ஆள்காட்டி விரலுக்கு உரியது என்று லோயர் வகுப்பில் எத்தனை தடவை சொன்னேன்! நீ இப்போது அதை வலது கையால் அடிக்கிறாய், பொங்கலன்று பின்னால் நின்று பார்த்தேன். இரண்டு துண்டானால் அந்த எட்டிப் பிடிக்கிற வேலை நடக்காது. இரண்டு மூன்று வாரம் பழைய கீபோர்டையும் பக்கத்தில் வைத்துக்கொள், அவசர வேலை இருந்தால் மாறிக்கொள்.

நீ இன்னும் ரெமிங்டனில் அடிக்கிற மாதிரி இடிக்கிறாய். அது என் தப்பு, நான்தான் அப்படிப் பழக்கினேன். செர்ரி கம்பெனியின் சிவப்பு ரகம் மாதிரி, அடியில் ஸ்பிரிங் வைத்த மெக்கானிக்கல் கீ மொத்தம் நாலு மில்லிமீட்டர் இறங்கும், பாதி தூரத்திலேயே எழுத்து விழுந்துவிடும். அடித்தளம் வரை குத்தத் தேவையில்லை. பழுப்பு ரகத்தில் எழுத்து விழுகிற இடம் விரலுக்கு லேசாகத் தெரியும், உனக்கு அது ஒத்துவரும். கன்ட்ரோல் கீக்காகச் சுண்டுவிரலை மூலைக்கு நீட்டாதே. கேப்ஸ் லாக்கை கன்ட்ரோலாக மாற்றிவிட்டால் 'ஏ' பக்கத்திலேயே வந்துவிடும். மணிக்கட்டுக்கு மெத்தை விற்கிறார்கள், அது நிறுத்தும்போது கையை வைக்க. அடிக்கும்போது அதில் அழுத்தினால் என் மேசை விளிம்பு செய்ததைத்தான் அதுவும் செய்யும்.

லேப்டாப்பை இரண்டு கெட்டிப் புத்தகத்தின் மேல் ஏற்று, திரை கண்ணுக்கு நேராக வரட்டும். ஒவ்வொரு பாரா முடிந்ததும் இடது கையைத் தூக்கி, இல்லாத கேரேஜை ஒரு தடவை தள்ளு. யாராவது பார்த்தால் பார்க்கட்டும். நான் வீட்டில் அப்படித்தான் செய்கிறேன்.

சாப்பாட்டு மேசையில் வைத்து வேலை செய்வதை மட்டும் நிறுத்திவிடு. நம் டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டை மூடியபோது விற்காமல் வைத்த தேக்கு மேசை ஒன்று பின்கட்டில் இருக்கிறது, நீ லோயர் எழுதிப் பழகிய அதே மேசை. ஆசாரி வெள்ளிக்கிழமை வருகிறார். கால் பாதம் தரையில் பதிய உட்கார்ந்து, தோளைத் தளர விட்டு, முழங்கையை மடக்கி, முழங்கையிலிருந்து தரை வரைக்கும் டேப் வைத்து அளந்து இஞ்சில் எழுதி அனுப்பு. செருப்பு போட்டுக்கொண்டு அளக்காதே. கீபோர்டின் தடிமனைக் கழித்துக்கொண்டு மீதி உயரத்துக்குக் காலை அறுத்து பார்சலில் போட்டுவிடச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா