மூன்றாவது ஆல்பம் எங்கே?

யுனிவர்சல், சோனி, வார்னர் ஆகிய மூன்று பெரிய இசை நிறுவனங்களிலும் புது ராப்பர்களைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

சென்னையிலிருந்து எழுதுகிறேன். ராப் என்னிடம் வந்து சேர்ந்தது 2003 வாக்கில், பர்மா பஜாரில் வாங்கிய ஓர் எம்பி3 சிடியில். நூற்றைம்பது பாட்டு, பாதிக்கு மேல் பாடியவர் பெயரே கிடையாது. 'ட்ராக் 07' என்று மட்டும் போட்டிருந்த ஒரு பாட்டை இரண்டு வருடம் பைத்தியம் மாதிரி கேட்டேன். பிரவுசிங் சென்டரில் வரிகளை அச்செடுத்து லிஃப்கோ அகராதியோடு உட்கார்ந்தால், பாதிச் சொல் அதில் இல்லை. அது அவுட்காஸ்ட் என்ற அட்லாண்டா ராப் ஜோடி பாடியது என்று பிறகுதான் தெரிந்தது. (அந்த சிடியால் உங்களுக்கு ஒரு பைசா வந்திருக்காது, தெரியும். அப்புறம் இத்தனை வருடம் கட்டிய ஸ்ட்ரீமிங் சந்தாவில் கழித்துக்கொள்ளுங்கள்.)

விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் வாரத்தின் முதல் நூறு பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில், 2025 அக்டோபர் 25 தேதியிட்டதில், முதல் 40 இடங்களில் ஒரு ராப் பாட்டுகூட இல்லை. 1990 பிப்ரவரிக்குப் பிறகு இப்படி ஆனது அதுவே முதல் முறை. உடனே ஹிப்ஹாப் செத்துவிட்டது என்று ஒப்பாரி ஆரம்பித்தது. அந்த ஒப்பாரி புதிதில்லை; 2006-லேயே நாஸ் என்ற நியூயார்க் ராப்பர் அந்தப் பெயரில் ஓர் ஆல்பம் போட்டுவிட்டார்.

அந்த ஒரு பட்டியலுக்காக நான் அழமாட்டேன். பழைய பாட்டுகளைச் சீக்கிரம் வெளியேற்றும்படி பில்போர்டு விதியை இறுக்கியது. 13 வாரம் முதலிடத்தில் இருந்த கென்ட்ரிக் லாமர் - சிஸா பாட்டு அதில்தான் வெளியே போனது. டெய்லர் ஸ்விஃப்ட்டின் புது ஆல்பம் வேறு அப்போதுதான் வந்திருந்தது. அதற்கு முந்தைய வாரம் முதல் 12 இடமும் அவருடையது. சரி, அதையெல்லாம் தள்ளிவிடலாம். என் கவலை முதல் 40-க்குள் நுழையாமல் வாசலில் நின்ற ராப்பர்களைப் பற்றி. 1990-இல் அந்த வாரம் 41-ஆவது இடத்தில் நின்றவர் பிஸ் மார்க்கி. கொஞ்ச நாளிலேயே அவர் முதல் பத்துக்குள் போய்விட்டார். 2025-இல் 44-இல் நின்றவர் யங்பாய். 26 வயது, அரங்கங்களை நிரப்புகிறார், அவருடைய ரசிகர்கள் உயிரைக் கொடுப்பார்கள். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு வெளியே ஒருவரைக் கேட்டால், "யார் அது?" என்பார். எமினெமைப் பிடிக்காதவருக்கும் எமினெமைத் தெரியும். சூப்பர் ஸ்டார் என்றால் அதுதானே?

பெரிய மைதானத்தைத் தனியாக நிரப்பும் ராப்பர்கள் யார் என்று கேட்டால் எல்லார் வாயிலும் அதே பெயர்கள்தான் வருகின்றன. அந்த அக்டோபரில் எமினெமுக்கு 53 வயது, ஜே. கோலுக்கு 40, டிரேக்குக்கு 39, கென்ட்ரிக்குக்கு 38. இவர்களோடு வைத்துப் பார்த்தால் டிராவிஸ் ஸ்காட்தான் பொடியன், அவருக்கே முப்பது எப்போதோ தாண்டிவிட்டது. எல்எல் கூல் ஜே முதல் ஆல்பம் போட்டபோது 17. நாஸ் போட்டபோது 20.

என் அக்கா மகனுக்கு 19 வயது. போன தீபாவளிக்கு வந்திருந்தபோது, "உங்க காலத்து ஆட்களை விடுங்க மாமா, என் ஆட்களைக் கேளுங்க" என்று போனை நீட்டினான். வரிசையாக ஜூஸ் வேர்ல்ட், பாப் ஸ்மோக், எக்ஸ்எக்ஸ்எக்ஸ்டென்டாசியன். மூன்று பேருமே அவன் ஒன்பதாவது சேர்வதற்கு முன்பே இறந்தவர்கள். எக்ஸ்எக்ஸ்எக்ஸ்டென்டாசியனை 2018 ஜூனில் சுட்டார்கள், வயது 20. ஜூஸ் வேர்ல்டை 2019 டிசம்பரில் போதைமருந்து கொண்டுபோனது, வயது 21. பாப் ஸ்மோக்கை 2020 பிப்ரவரியில் சுட்டார்கள், அவருக்கும் 20. இருந்திருந்தால் இன்று இருபதுகளின் பின்பாதியில், சரியாக நாம் தேடும் வயதில் இருந்திருப்பார்கள். அவர்கள் போன பிறகும் ஆல்பங்கள் மட்டும் நிற்கவில்லை. ஜூஸ் வேர்ல்ட் பெயரில் 2024 நவம்பரில்கூட ஒன்று வந்தது. விட்டுப்போன பதிவுகளைத் தேடி எடுத்து முடித்து, அட்டை போட்டுக் கடைக்கு அனுப்ப ஆளும் பொறுமையும் உங்களிடம் இருக்கிறது. உயிரோடு இருக்கும் பையனுக்கு மட்டும் ஏன் அந்தப் பொறுமை கிடைப்பதில்லை?

அந்தக் காலத்து உச்ச ராப்பர்கள் டுபாக் 1996-இல் போகவில்லையா, பிக்கி 1997-இல் போகவில்லையா, அப்போது மட்டும் ராப் எப்படி மீண்டது என்று கேட்பீர்கள். போனார்கள், 25 வயதிலும் 24 வயதிலும். ஆனால் அவர்களுக்குப் பின்னால் வரிசை இருந்தது. ஜே-ஸி, டிஎம்எக்ஸ், எமினெம், அவுட்காஸ்ட் என்று வருடக்கணக்கில் வெந்துகொண்டிருந்த ஆட்கள்.

அவுட்காஸ்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1994-இல் முதல் ஆல்பம் வந்தபோது இருவரும் பதின்வயதுப் பையன்கள். அடுத்த வருடம் நியூயார்க்கில் 'சோர்ஸ்' என்ற ஹிப்ஹாப் பத்திரிகையின் விருது வாங்க மேடையேறினால், கூட்டம் கூச்சல் போட்டது: அட்லாண்டாக்காரனுக்கு என்ன ராப் தெரியும் என்று. லேபிள், அதாவது அவர்களுடைய இசை நிறுவனம், அவர்களைக் கைவிடவில்லை. அவர்களும் ஒவ்வோர் ஆல்பத்திலும் வேறு ஆளாக வந்தார்கள், சில சமயம் பழைய ரசிகர்களே முழிக்கும்படி. கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதை 2004-இல் வாங்கியது ஐந்தாவது ஆல்பத்துக்கு. பத்து வருடம்! இன்று அப்படி இரண்டு பையன்கள் வந்து, முதல் விருது மேடையிலேயே கூச்சல் வாங்கினால், உங்கள் அலுவலகத்தில் அவர்களுக்கு எத்தனை மாதம் கிடைக்கும்?

கென்ட்ரிக் கதையும் அதேதான். முதல் மிக்ஸ்டேப் (லேபிள் இல்லாமல் தானே வெளியிடும் பாட்டுத் தொகுப்பு) போட்டபோது 16 வயது. பெரிய லேபிள் வழியாக முதல் ஆல்பம் வந்தபோது 25. நடுவில் அந்த ஒன்பது வருடத்தில் பெரும்பகுதி அவரைத் தாங்கியது டாப் டாக் என்டர்டெயின்மென்ட் என்ற சின்ன நிறுவனம். அதன் முதலாளி கலிபோர்னியாவில் கார்சன் என்ற ஊரில் தன் வீட்டிலேயே ஸ்டுடியோ வைத்திருந்தார். அந்த வீட்டில் வெந்தவர்தான் 2018-இல் புலிட்சர் வாங்கினார். 2025 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டியான சூப்பர் பவுலின் இடைவேளையில் அவர் பாடியதை 13 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். அதே மாதம் சிறந்த ராப் ஆல்பத்துக்கான கிராமி வாங்கிய பெண் ராப்பர் டோச்சியும் அந்த வீட்டுப் பிள்ளைதான். அவருடைய பாட்டு இணையத்தில் பரவி நாலைந்து வருடத்துக்குப் பிறகு அந்த விருது வந்தது. புதிதாக வந்தவர்களில் பெரிய ஆளாவார் என்று நான் நம்புவதும் அவரைத்தான். இரண்டு பேரிடமும் உங்களுக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. வெந்த பிறகு பந்தியில் உட்கார்ந்தீர்கள்.

2019-இல் லில் நாஸ் எக்ஸ் உங்களைக் கெடுத்தார் என்று நினைக்கிறேன். தப்பு அவருடையதில்லை. பத்தொன்பது வயதுப் பையன், இணையத்தில் 30 டாலருக்கு ஒரு பீட் (பாட்டுக்கான பின்னணி இசை) வாங்கி, தானே மீம் போட்டுப் பரப்பி, 19 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்தான். கெட்டிக்காரன். அதைப் பார்த்து நீங்கள் கற்றுக்கொண்டது என்ன? டிக்டாக்கில் எது ஏறுகிறது என்று திரையைப் பார்த்தபடி உட்கார்ந்து, ஏறிய மறுநாள் காசோலையோடு போவது. ஆளுக்குப் போட வேண்டிய ஒப்பந்தத்தைப் பதினைந்து விநாடிக்குப் போடுகிறீர்கள். அடுத்த பாட்டு ஏறாவிட்டால் அவன் போனை எடுக்க ஆள் இல்லை.

ஆல்பத்தின் கதி இன்னும் மோசம். ஸ்ட்ரீமிங் எண்ணிக்கை பாட்டுக்குப் பாட்டு கூடும் என்றதும், பந்திக்கு ஆள் வர வர ரசத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை ஆரம்பித்தது. 2018-இல் மிகோஸ் குழுவினர் ஒரே ஆல்பத்தில் 24 பாட்டு போட்டார்கள், டிரேக் 25. அதைப் பார்த்துப் பொடியன்களும் அதையே செய்தார்கள். முதல் ஆல்பத்திலேயே பத்து பாட்டைத் தாவித் தாவிக் கேட்டவன், இரண்டாவதுக்கு ஏன் வருவான்?

நீதிமன்றப் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. அட்லாண்டா ராப்பர் யங் தக்கை 2022 மே மாதம் கைது செய்து, அவர் பாட்டு வரிகளையே சாட்சியமாக வைத்து நடத்திய வழக்கு, அவர் 2024 அக்டோபர் 31 அன்று வெளியே வரும்வரை இழுத்தது. அட்லாண்டாவின் ஒரு தலைமுறைக்கே அது இடைவேளை மணி அடித்த மாதிரி. வரிகளைச் சாட்சியமாக்கக் கூடாது என்று உங்களில் சிலர் மனு இயக்கம் நடத்தினீர்கள், அது நல்ல காரியம்.

2025 ஜூலையில் 'கிளிப்ஸ்' என்ற பெயரில் ராப் பாடும் இரு சகோதரர்கள் பதினைந்து வருடத்துக்கு மேல் கழித்து ஓர் ஆல்பம் போட்டார்கள், கேட்டிருப்பீர்கள். அதில் கென்ட்ரிக் பாடிய பகுதியை மாற்றச் சொன்ன லேபிளிடம், தொட மாட்டோம் என்று பணம் கட்டி வெளியே வந்ததாக அவர்கள் தரப்பே பேட்டிகளில் சொன்னது. ஐம்பதை ஒட்டிய இரண்டு பேர் பணம் கட்டி விடுதலை வாங்கலாம். இருபது வயதுக்காரன் எதைக் கட்டுவான்?

ஆகவே உங்களிடம் கேட்பது ஒன்றுதான். 2020-க்குப் பிறகு நீங்கள் கையெழுத்து வாங்கிய ராப்பர்களின் பட்டியலை எடுங்கள். அதில் எத்தனை பேருக்கு மூன்றாவது ஆல்பம் போட இடம் கொடுத்தீர்கள் என்று எண்ணி, அந்த எண்ணை வெளியிடுங்கள். இனி போடும் ஒப்பந்தங்களில் மூன்று ஆல்பத்துக்கு நீங்களும் கட்டுப்படுங்கள், அவன் மட்டும் இல்லை. முதல் ஆல்பத்துக்குப் பன்னிரண்டு பாட்டு போதும்.

பதிலை அக்கா மகனுக்கும் காட்டுவேன்.

இப்படிக்கு,
'ட்ராக் 07'-ஐ இன்னும் கேட்டுக்கொண்டிருப்பவன்,
சென்னை.