சுழல் உருளை பிள்ளைகளின் கண்மட்டத்தில் இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறையில் ஐந்து வயது மகளையும் மூன்று வயது மகனையும் ஒரு தீம் பார்க்குக்கு அழைத்துச் சென்றிருந்தோம். உயரம் போதாது என்று ராட்டினங்கள் பலவற்றிலும் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளோடு, சற்று நேரம் வெயிலுக்கு ஒதுங்கலாம் என்றுதான் அங்கிருந்த அனிமேஷன் கண்காட்சிக்குள் நுழைந்தோம். வீடு திரும்பிய பிறகும் அவர்கள் பேசிக்கொண்டிருந்தது அதைப் பற்றி மட்டுமே. அப்படிப்பட்ட ஓர் இடத்தை அமைத்தவர்கள் சிறு பிள்ளைகளின் உயரத்தை எண்ணிப் பார்க்கவில்லையே என்ற வருத்தத்தில் இதை எழுதுகிறேன்.

வாசலை அடுத்து ஒரு பெரிய சுழல் உருளை இருந்தது. 1834-இல் வில்லியம் ஜார்ஜ் ஹார்னர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் உருவாக்கி, பிற்காலத்தில் ‘ஸோட்ரோப்’ என்று பெயர் பெற்ற கருவியின் மாதிரி அது. உருளையின் உட்சுவரில் ஒரு குதிரையின் ஓட்டம் பன்னிரண்டு படங்களாக வரையப்பட்டிருந்தது. அவற்றுக்கு மேலே சுற்றிலும் மெல்லிய பிளவுகள். ஒவ்வொரு பிளவும் கண்ணைக் கடக்கும் கணத்தில் ஒரு படத்தை மட்டும் காட்டி மறைத்துவிடுவதால், அடுத்தடுத்த படங்கள் நம் பார்வையில் ஒன்றாக இணைந்து குதிரை ஓடத் தொடங்குகிறது. பிளவை விட்டுவிட்டு விளிம்புக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தால் வெறும் சாம்பல் நிறக் கலங்கல்தான் தெரியும்.

அந்தப் பிளவுகளோ என் மார்பளவு உயரத்தில் இருந்தன. மகள் நுனிக்காலில் நின்றும் எட்டவில்லை. மகனை இடுப்பில் தூக்கி வைத்தேன், அவன் தலை விளிம்பைத் தாண்டிவிட்டதால் கலங்கலை மட்டுமே பார்த்துவிட்டு, “குதிரை எங்கேம்மா?” என்று கேட்டான். அவனை இறக்கி, அக்குளில் கை கொடுத்துப் பாதி உயரத்தில் தாங்கிப் பிடித்தபோதுதான் அவன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் பார்த்தான். அதற்குள் பின்னால் வரிசை சேர்ந்துவிட, நகரும்படி ஊழியர் சொல்லிவிட்டார். உருளை மோட்டாரில் ஒரே வேகத்தில் ஓடியது இன்னொரு குறை. பிள்ளையே கையால் மெதுவாகத் தள்ளிச் சுற்றினால், தனித்தனிப் படங்கள் ஓட்டமாக மாறும் அந்த இடம் அதற்குத் தானே புலப்பட்டுவிடும். எத்தனை விளக்கப் பலகை எழுதி வைத்தாலும் அதற்கு ஈடாகாது.

அடுத்த அறையில், விட்டு விட்டு மின்னும் ஒளியில் பொம்மைகள் அசைவதுபோல் தோன்றும் காட்சி இருந்தது. இத்தகைய ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டக்கூடும் என்பதால், எச்சரிக்கை அறிவிப்பை நுழைவதற்கு முன்பே வைத்திருக்க வேண்டும். அங்கே அது உட்சுவரில் இருந்தது. மகன் இருட்டுக்கு அஞ்சி அழுததால் நாங்கள் அதைக் கடந்து வந்துவிட்டோம்.

கடைசியில் இருந்த வரையும் மேசையைப் பற்றி மனமாரப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. ஓவியர் முதலில் ஒரு வட்டம் போடச் சொல்லி, அதன் குறுக்கே வளைந்த கோடு இழுத்து, அந்தக் கோட்டின் மேல் கண்களை அமர்த்தக் கற்றுக்கொடுத்தார். மகன் வட்டத்தோடு நின்றுவிட்டான்; அவர் அதையும் அழகாக இருக்கிறது என்றே சொன்னார். படம் ஓட எத்தனை தாள் வரைய வேண்டும் என்று மகள் கேட்டதற்கு, திரைப்படத்தில் நொடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள், அதாவது தனித்தனி அசையாப் படங்கள்) ஓடுகின்றன என்றும், கையால் வரைபவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு சட்டங்களுக்கு வைப்பதால் நொடிக்கு 12 போதும் என்றும் பொறுமையாக விளக்கினார். அந்தக் கணக்கில் ஒரு நிமிடத்துக்கே 720 படங்கள். மறுநாள் மகள் பழைய நோட்டு ஒன்றின் மூலையில் பக்கத்துக்குப் பக்கம் ஒரு பந்தை வரைந்து, தாள்களை விரலால் விசிறிக் காட்டினாள். பந்து துள்ளிய உயரம் ஒரே சீராக இல்லைதான். ஆனாலும் அது துள்ளியது.

ஓர் உருளையையாவது சிறுவர் கண்மட்டத்துக்குத் தாழ்த்தி, கையால் சுற்றும்படி வைக்குமாறு பூங்கா நடத்துவோரைத் தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு நாளாகும் என்றால், இப்போதிருக்கும் உருளையின் அடியில் கைப்பிடியோடு ஒரு மரப்படியாவது போட்டு வைக்கலாம்.

இப்படிக்கு,
இரு குழந்தைகளின் தாய்