வற்றுவது தண்ணீர், வறள்வது மண்

அம்மாடி,

பெர்த்தில் உன் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் ஏரி, செடி, சட்டை எல்லாவற்றுக்கும் 'காஞ்சு போச்சு' என்றே எழுதுகிறார்கள் என்றாய். கோபித்துக்கொள்ளாதே. குழாயைத் திருகி வளர்ந்த பிள்ளைகளுக்கு மற்ற சொற்களை யாராவது எடுத்துக் கொடுத்தால்தானே உண்டு.

இராமநாதபுரத்து வானம் பார்த்த பூமியில் பிறந்த உன் அப்பத்தாவின் பேச்சில் அவை தானாக வரும். முதலில் மழை பொய்க்கும். அப்புறம் கண்மாய் வற்றும். அதற்கும் பிறகுதான் நிலம் வறளும். வற்றுவது தண்ணீர், வறள்வது மண்ணும் தொண்டையும். இதை முதலில் சொல்லிக்கொடு. கொடியில் துணி உலரும், அடுப்பில் குழம்பு சுண்டும், வெயிலில் கீரை வாடும், விட்டால் கருகும்.

'சாவி' என்பதைக் கட்டாயம் சொல். பூட்டுச் சாவி இல்லை, பதர் நெல். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் இல்லையென்றால் மணி கட்டாது. பார்க்க நெல்தான், உள்ளே ஒன்றும் இருக்காது. களத்தில் தூற்றும்போது அது காற்றோடு போய்விடும். அப்பத்தா உள்ளங்கையைக் குவித்து, 'ஃபூ' என்று ஊதிக் காட்டுவார். ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடம் நிரப்பியதையும் அவர்தான் எனக்குச் சொன்னார்.

நம் ஊருக்கும் ஒரு சொல் உண்டு: பங்கீடு. 1963 ஏப்ரலில் தொடங்கி ஏறத்தாழ 10 மாதம் சிங்கப்பூரில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. 2014 தொடக்கத்தில் மழையில்லாமல் நம் புளோக்கடிப் புல்லெல்லாம் பழுப்பேறியது உனக்கே தெரியும். 2016 அக்டோபரில், நம் தண்ணீருக்குத் துணைநிற்கும் ஜொகூரின் லிங்கியு நீர்த்தேக்கம் கொள்ளளவில் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஆனால் வீட்டுக் குழாயில் வித்தியாசமே தெரியவில்லை. கழிவுநீரைச் சுத்திகரித்துத் தரும் நியூவாட்டரும், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளும் கைகொடுத்தன. உங்கள் பெர்த்தை அடுத்த குவினானாவிலும் 2006 முதல் அப்படி ஓர் ஆலை ஓடுகிறதே. நல்லதுதான். ஆனால் தட்டுப்பாடு கண்ணில் படாத வீட்டில் அதற்கான சொல் எப்படிப் புழங்கும்? அதுதான் எனக்குக் கவலை.

கோடை முடிவில் அங்கே சில ஏரிகள் வற்றிவிடும் என்றாயே, பிள்ளைகளை அழைத்துப் போ. பாளம் பாளமாக வெடித்த சேற்றைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு எழுதட்டும். சாவி நெல் அனுப்பலாமென்றால் உங்கள் ஊர்ச் சுங்கத்தில் விடமாட்டார்கள். படம் வரைந்தாவது காட்டு. எழுதியதைப் படமெடுத்து அனுப்பு, நானும் படிக்கிறேன்.

அன்புடன்,
அப்பா