ஒரே தொழிலை நம்பும் ஊர்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

கிளிநொச்சியில் தொழிற்சாலைகள் வேண்டும் என்று பேசுவோர், ஜப்பானின் நாகசாகிக்கு அப்பால் கிடக்கும் ஹாஷிமா தீவையும் ஒருகணம் எண்ணிப் பார்க்க வேண்டும். 1890 இல் மிட்சுபிஷி நிறுவனம் வாங்கிக் கடலடியில் நிலக்கரி தோண்டிய அச்சிறு தீவில், 1916 இலேயே கொங்கிறீற் மாடிக் குடியிருப்பு எழுந்தது; 1959 இல் 5,000க்கு மேற்பட்டோர் நெருக்கியடித்து வாழ்ந்தனர். (இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கொரியரும் சீனரும் அங்கு வலிந்து வேலை வாங்கப்பட்டதை அச்செழிப்பின் கணக்கில் சேர்க்காமல் விடலாகாது.) நாடு எண்ணெய்க்கு மாறியதும் 1974 ஜனவரியில் சுரங்கம் மூடப்பட்டது, சில மாதங்களில் தீவில் ஆளில்லை. மொட்டைமாடிகளில் மண் கொட்டிக் காய்கறி வளர்த்தவர்களுக்கு, சுரங்கம் போனபின் பிடித்துநிற்க ஒரு காணித் துண்டு இருக்கவில்லை.

எமது கிளிநொச்சி மாவட்டத்திலோ, ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையை உள்நாட்டுப் போர் முடக்கியது. ஆயினும் இடம்பெயர்ந்தோர் திரும்பியபோது, இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்கள் அவர்களுக்கு இருந்தன. ஆகவே, புதிய ஆலைகளுக்கு இடம் ஒதுக்கும் அதிகாரிகள் வயற்காணிகளிலும் வாய்க்கால்களிலும் கைவைக்காமல், உப்பு, நெல், மீன் மூன்றையும் சார்ந்த சிறு தொழில்களுக்கே முதலில் அனுமதி வழங்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
பரந்தன்.