கதவைத் திறப்பது சரி, ‘வேண்டாம்’ என்றால்?

ஆசிரியருக்கு வணக்கம்.

டேட்டிங்கில் ஆண்கள் காட்டும் மரியாதை குறைந்துவிட்டது என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையையும், அதற்கு வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். ‘கதவைத் திறந்துவிடக்கூட இந்தக் காலத்துப் பையன்களுக்குத் தெரியவில்லை’ என்று ஒரு பக்கம் வருத்தம். ‘சம உரிமையும் வேண்டும், நாற்காலியும் இழுத்துப் போட வேண்டுமா’ என்று இன்னொரு பக்கம் கோபம். ஒருவர் அன்பாகச் செய்ய வருவதை மற்றவர் ‘வேண்டாம்’ என்று சொன்னால் அடுத்த நிமிடம் என்ன நடக்கிறது என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்த உபசாரங்கள் பிடிக்கும். கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி காத்திருப்பவரை, கூட்டத்தில் நடக்கும்போது என் வேகத்துக்கு ஏற்ப நடப்பவரை, மேசைக்கு வந்ததும் போனைப் பைக்குள் வைத்துவிடுபவரை எனக்குப் பிடிக்கிறது. இதை ஒப்புக்கொள்வதால் என் சுயமரியாதை குறைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை.

பில் வரும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை இயல்பாகப் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர் சட்டென்று விறைத்துப்போவார்கள். பரிமாறுபவர் யாரையும் கேட்காமல் பில்லை ஆணின் பக்கம் வைத்துவிட்டுப் போவார். நான் பையைத் திறப்பேன். எதிரில் இருப்பவர் பில்லின் மேல் உள்ளங்கையை வைத்து, “அட, இதெல்லாம் நான் பார்த்துக்கிறேன்” என்பார். “பாதிப் பாதி போட்டுக்கலாமே” என்றால் சிலர் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள், பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடரும். சிலருக்கு முகம் மாறிவிடும். “ஏன், என்னால முடியாதா?” என்று ஒருவர் என்னிடம் கேட்டார். குரல் உயரவில்லை, ஆனால் அந்த உள்ளங்கையும் பில்லை விட்டு நகரவில்லை. கடைசியில் அவர்தான் கொடுத்தார். சில நாள் கழித்து, மறுபடி சந்திக்க எனக்கு விருப்பமில்லை என்று பணிவாகவே எழுதினேன். “அன்னைக்கு நான் அவ்வளவு செலவு பண்ணும்போது இது தோணலையா?” என்று பதில் வந்தது. நான் தர வந்த பங்கைத் தடுத்தவர், பிறகு அதையே என் கடனாகக் கணக்கில் எழுதிவிட்டார்.

பில் விஷயத்தில் பெண்களும் மனதில் இருப்பதைச் சொல்வதில்லை. அமெரிக்காவில் திருமணமாகாத சுமார் 17,000 ஆண், பெண்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2015இல் வெளிவந்தது. செலவில் தானும் பங்கு தருவதாகச் சொல்வதுண்டு என்று பெண்களில் 57 சதவீதம் பேர் கூறினார்கள். அப்படிச் சொல்லும்போது அந்த ஆண் அதை மறுத்துவிட வேண்டும் என்று மனதுக்குள் நினைப்பதாக 39 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். ஆண்களின் பக்கம், பெண்ணும் பங்கு தர வேண்டும் என்று நினைத்தவர்கள் 64 சதவீதம். ஆனால் பெரும்பாலான செலவைத் தாங்களே செய்வதாக 84 சதவீத ஆண்கள் சொன்னார்கள். ஆக, ஒருவர் மனதில்லாமல் பையைத் திறக்கிறார், இன்னொருவர் மனதில்லாமல் தடுக்கிறார். இரண்டு பேரும் வீட்டுக்குப் போய் அவரவர் தோழமைகளிடம் குறைப்பட்டுக்கொள்கிறார்கள்.

இதற்கு நான் கண்ட வழி எளிது. சந்திப்பை யார் கேட்டாரோ அவர் கொடுக்கட்டும், அடுத்த முறை மற்றவர். இதைக் கிளம்பும் முன்பே ஒரு வரியில் பேசிவிடலாம். “பணத்தைப் பற்றி முன்கூட்டியே பேசினால் நன்றாக இருக்குமா?” என்று என் தோழிகள் கேட்கிறார்கள். பேசாமல் இருந்து மனதுக்குள் மதிப்பெண் போடுவதைவிட நன்றாகவே இருக்கும். பெண்களுக்கும் ஒரு வார்த்தை: மனதார நினைக்காவிட்டால் “நான் தரேன்” என்று சொல்லாதீர்கள். அவர் தருவது பிடித்திருந்தால் நன்றி சொல்லி ஏற்றுக்கொள்ளுங்கள், அதில் குறைச்சல் எதுவும் இல்லை.

வீடு வரை கொண்டுவந்து விடும் பழக்கத்தையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பெண்ணைத் தனியாக அனுப்பாமல் வாசல் வரை வருவது நல்ல பிள்ளைக்கு அழகு என்று வளர்ந்த தலைமுறை ஒன்று உண்டு, அதன் பின்னால் இருக்கும் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் செயலி வழியாக அறிமுகமாகி முதல் முறை சந்திக்கும்போது, என் வீட்டு முகவரியைத்தான் நான் மிகவும் பத்திரமாக வைத்திருக்கிறேன். “ராத்திரியாகிவிட்டது, நான் வந்தே தீருவேன்” என்பவர் எனக்குப் பாதுகாப்பு தருவதாக நினைக்கிறார். எனக்கோ அந்த நேரத்தில் அவரை எப்படித் தவிர்ப்பது என்ற பயம். நான் சந்தித்தவர்களில் ஒருவர் வேறு மாதிரி கேட்டார்: “உங்களுக்கு எது வசதி? வண்டி வரும் வரை நிற்கட்டுமா, இல்லை இங்கேயே கிளம்பட்டுமா?” நிற்கச் சொன்னேன். வண்டி வந்ததும், “போய்ச் சேர்ந்ததும் ஒரு மெசேஜ் போடுங்கள்” என்று கையசைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். கேட்டுவிட்டுச் செய்ததால்தான் அவர் அக்கறை எனக்கு அக்கறையாகவே வந்து சேர்ந்தது.

கதவு, நாற்காலி, பூங்கொத்து ஆகியவற்றில் நான் அதிகம் சொல்ல எதுவுமில்லை. முன்னால் போகிறவர் கதவைப் பிடிக்கட்டும், அது ஆணானால் என்ன, பெண்ணானால் என்ன. இரண்டு பெண்களோ இரண்டு ஆண்களோ காதலிக்கும்போது யார் திறப்பது என்று எந்த விதியும் கிடையாது. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத்தான் நடந்துகொள்கிறார்கள். மற்றவர்களும் அப்படி இருக்கலாம்.

‘நைட்’ எனப்படும் பழைய ஐரோப்பியக் குதிரை வீரர்களின் பெண் மரியாதையை ஒரு வாசகர் ஏக்கத்தோடு நினைவுகூர்ந்திருந்தார். அந்த ஐரோப்பிய மரபின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் காதல் ஒழுக்கத்தைப் பற்றி விரிவாக எழுதிய ஆந்திரேயாஸ் கப்பெல்லானஸ், உயர்குலப் பெண்ணிடம் எப்படிப் பணிந்து பேசுவது என்று பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொடுத்தார். உழவர் குடிப் பெண் என்றால் கொஞ்சம் பலவந்தம் செய்யலாம் என்று அவரே எழுதியிருக்கிறார். அந்தஸ்து பார்த்துக் காட்டிய மரியாதை அது. அதனால்தான் எதிரில் இருப்பவர் என்னிடம் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், பரிமாறுபவரையும் ஓட்டுநரையும் எப்படிக் கூப்பிடுகிறார் என்று கவனிக்கிறேன்.

பெண்களுக்கே இதெல்லாம் பிடிக்கிறதே, பிறகு ஏன் குறை சொல்கிறீர்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெண்ணைப் பலவீனமானவள் என்று கருதிப் பாதுகாக்க வரும் மனப்பான்மையும் பாகுபாட்டில் சேர்ந்ததுதான் என்று பீட்டர் கிளிக், சூசன் ஃபிஸ்க் என்ற உளவியலாளர்கள் 1996இல் எழுதினார்கள். பிறகு 2018இல் பெலின் குல், டாம் குப்ஃபர் வெளியிட்ட ஆய்வில், அப்படிப்பட்ட ஆண்கள் தங்களைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்று தெரிந்தே பெண்கள் அவர்களை விரும்பியது தெரியவந்தது. உறவுக்காகத் தன்னிடம் இருப்பதைக் கொடுக்கத் தயாராக இருப்பவர் என்ற நம்பிக்கையை அந்த நடத்தை தருவதே காரணம் என்பது அவர்கள் விளக்கம். எனக்கு இரண்டுமே உண்மையாகப் படுகிறது. எனக்காக ஒருவர் மெனக்கெட வேண்டும் என்று நானும் ஆசைப்படுகிறேன். அந்த மெனக்கெடலோடு சேர்ந்து என் முடிவுகளும் அவர் கைக்குப் போவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

இவ்வளவு பேசிவிட்டு ஒன்றை விட்டால் தப்பு. இன்றைய டேட்டிங்கில் பலருக்கும் காயம் ஏற்படுவது கதவருகில் இல்லை, போனில். இரண்டு மூன்று முறை சந்தித்து, மனம்விட்டுப் பேசி, அப்புறம் ஒரு நாள் பதிலே இல்லாமல் மறைந்துவிடுகிறார்கள். ஆண், பெண் இருபாலரும் இதைச் செய்கிறார்கள். காத்திருப்பவர் தன் பழைய மெசேஜ்களைத் திரும்பத் திரும்பப் படித்து, எந்த வரியில் தப்பாகச் சொன்னோம் என்று தேடிக்கொண்டிருப்பார். “உங்களைச் சந்தித்தது மகிழ்ச்சி, ஆனால் இதைத் தொடர எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்கு நல்லது அமையட்டும்” என்று எழுத ஒரு நிமிடம் போதும். மிரட்டுபவரிடமும் எல்லை மீறுபவரிடமும் இந்த விளக்கம்கூடத் தேவையில்லை. அவர்களைப் பேசாமல் பிளாக் செய்துவிடுங்கள். மற்ற எவருக்கும் அந்த இரண்டு வரி கிடைக்க வேண்டும். அது கிடைத்தவர் “சொன்னதற்கு நன்றி” என்று பதில் எழுதி விலகினால், அன்று அவர் பூ கொண்டுவந்தாரா, பில் கொடுத்தாரா என்பதெல்லாம் எனக்கு ஞாபகம்கூட இருக்காது. அவரைப் பற்றி நல்லவிதமாகத்தான் பேசுவேன்.

ஆசிரியரே, ‘ஆண்களிடம் நீங்கள் எதிர்பார்ப்பது என்ன?’ என்று பெண்களைக் கேட்டு உங்கள் இதழில் அடிக்கடி பதில்களைத் தொகுக்கிறீர்கள். அடுத்த முறை இருபாலரிடமும் இன்னொன்றையும் கேளுங்கள்: கடைசியாக ஒருவர் உங்களிடம் ‘வேண்டாம்’ என்றபோது நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? வரும் பதில்களை வெட்டாமல் அப்படியே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகி