அந்தப் புள்ளியைக் கண்ட கண்கள்

ஐயா,

வியாழன் கோளில் 1994 ஜூலையில் மோதிய ஷூமேக்கர்-லெவி 9 வால்நட்சத்திரம் பற்றிய கட்டுரையைத் தங்கள் ஞாயிறு இதழில் படித்தேன். அதைக் கண்டுபிடித்தவர்கள் என்று யூஜின் ஷூமேக்கர், டேவிட் லெவி பெயர்களோடு கட்டுரை நின்றுவிட்டது. 1993 மார்ச்சில் அமெரிக்காவின் பாலோமர் வானாய்வகத்தில் எடுத்த படச்சுருளில் அதை முதலில் கண்டவர் யூஜினின் மனைவி கேரலின் ஷூமேக்கர். நசுங்கிய வால்நட்சத்திரம்போல இருக்கிறதே என்று அவர்தான் முதலில் சொன்னார். வானின் ஒரே பகுதியைச் சற்று இடைவெளி விட்டு இருமுறை படமெடுத்து, இரண்டையும் இரு கண்களாலும் பார்க்கும் ஸ்டீரியோ நுண்ணோக்கியில் சேர்த்துப் பார்ப்பார். விண்மீன்கள் அப்படியே கிடக்க, நகர்ந்த புள்ளி மட்டும் மிதப்பதுபோல மேலெழுந்து தெரியும். இப்படியே 32 வால்நட்சத்திரங்களையும் நூற்றுக்கணக்கான சிறுகோள்களையும் கண்டுபிடித்தார். இத்தனைக்கும் அவர் படித்தது வரலாறும் அரசியலும்; பிள்ளைகள் வளர்ந்த பிறகு, 51 வயதில்தான் இந்த வேலைக்கே வந்தார்!

அவர் பெயரைச் சொல்வது வெறும் மரியாதைக்காக அல்ல. நான் ஆசிரியையாக இருந்த பள்ளியில் வரலாறு எடுத்த மாணவிகள் வானியல் மன்றத்தின் பக்கமே வர மாட்டார்கள். அது சயின்ஸ் குரூப் பிள்ளைகளுக்கானது என்று தாங்களாகவே ஒதுங்கிக்கொள்வார்கள். சரி, கட்டுரைக்கு ஒரு திருத்தம் போட்டால் போதும் என்று கேட்கவில்லை. தங்கள் மாணவர் இணைப்பிதழில் வானின் ஒரே பகுதியின் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு, இடம் மாறிய புள்ளி எது என்று பிள்ளைகளையே தேடச் சொல்லலாம். கேரலினைப் பற்றி அதன் கீழே நான்கு வரி எழுதுங்கள்.

- ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்